ஏற்றியவளும் அனுப்பியவளும்

போன ஆனி மாதம் மட்டக்களப்பு நகரத்துத் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். சரக்குப் போக்குவரத்துப் படிக்கும் பிள்ளைகள். அடுத்தவரின் சாமானைப் பொறுப்பெடுத்துக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கம்பனிகள் ஒரு பெரிய நகரத்தில் எப்படி வேலைவாய்ப்பை உண்டாக்குகின்றன என்பதுதான் தலைப்பு. களஞ்சியம், லொறி, கணினி என்று அரை மணி நேரம் பேசினேன். கைதட்டினார்கள். முடியும்போது ஒரு பிள்ளை எழும்பி, "மெடம், உங்கட காலத்தில கம்பனியில ஒரு புது வேலை வந்தா எப்பிடி இரிக்கும்?" என்று கேட்டாள்.

"சந்தோசமா இரிக்கும் மகள்" என்றேன்.

மேடையில் அப்படித்தான் சொல்ல முடியும். உண்மையில் எனக்கு வயிறு எரியும். கம்பனியில் ஒவ்வொரு புது வேலை உண்டானபோதும் அதில் வந்து நின்ற ஆளின் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் புழுங்கியவள் நான். அந்தப் பிள்ளைக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

கல்லடியில் பிறந்தேன். உயர்தரம் முடித்தேன், தட்டெழுத்துப் பழகினேன், ஒரு பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியையாக நின்றேன். பிறகு வாவிக்கரையோரம் ஒரு பழைய அரிசி ஆலைக் கட்டடத்தில் இயங்கிய சரக்குக் கம்பனியில் சேர்ந்தேன். எடுத்தது தட்டெழுத்துக்கு. ஆனால் தட்டெழுத்து யந்திரம் பழுதாகிக் கிடந்ததால் களஞ்சியத்தில் மூட்டை எண்ண விட்டார்கள், அங்கேயே நின்றுவிட்டேன். எது எதற்குப் பக்கத்தில் கிடக்கலாம், எதற்கு மேலே கிடக்கக்கூடாது என்பதுதான் முதலில் படித்த படிப்பு. சவர்க்காரத்தின் வாசம் தேயிலையில் ஏறும். எண்ணெய்த் தகரத்தை மாவுக்கு மேல் வைத்தால் ஒரு நாளைக்கு அழ வேண்டி வரும்.

அந்தக் கம்பனி பெருத்ததே யுத்தத்தால்தான். கொழும்பு பிஸ்கற் கம்பனிகளும் சவர்க்காரக் கம்பனிகளும் தங்கள் லொறிகளை எங்கள் பக்கம் அனுப்பப் பயந்தன. ஓட்டமாவடிவரை வந்து இறக்கிவிட்டுத் திரும்பிப் போகும். அங்கிருந்து பொறுப்பு எங்களுடையது. எத்தனை தடைமுகாம் இருந்தாலும், பாலம் திறந்திருந்தாலும் பூட்டியிருந்தாலும், கடைக்காரரின் கையில் சாமானைக் கொடுக்க வேண்டும். "சாமான் நம்மட இல்ல. வாங்குற சனமும் நம்மட இல்ல. பயணம் மட்டும்தான் நம்மட" என்பார் எங்கள் முகாமையாளர் ஒஸ்வால்ட் ஐயா.

ஒஸ்வால்ட் ஐயா மட்டக்களப்புப் பறங்கியர். புகையிரத நிலையத்துச் சரக்குச் சாலையில் வேலை செய்து, ரயில் ஓடாமல் போனபின் எங்களிடம் வந்தவர். வெளிறிய காற்சட்டை, தலையில் ஒரு பழைய தொப்பி. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. லொறி வெளிக்கிடுமுன் அதை ஒருமுறை சுற்றி நடப்பார். கலியாண வீடுகளில் வயலின் வாசிக்கிறவர் என்பதால் லொறியை மூடும் படங்கின் மேல் இழுத்துக் கட்டிய கயிற்றை ஒரு விரலால் சுண்டிவிட்டுக் காது கொடுப்பார். சத்தம் பிடிக்காவிட்டால் அவிழ்க்கச் சொல்வார். எங்காவது மூட்டை பிழையாகக் கிடந்தால் ஒன்றும் பேசமாட்டார். தொப்பியைக் கழற்றி அந்த மூட்டையின் மேல் வைத்துவிட்டு அலுவலகத்துக்குள் போய்விடுவார். நாட்டாமிகள் என்று நாங்கள் சொல்லும் மூட்டை தூக்கும் ஆட்கள், கண்டபடி பேசும் பெரிய மனிதர்கள், அந்தத் தொப்பியைக் கண்டால் வாயைப் பொத்திக்கொண்டு முழு லொறியையும் திரும்ப இறக்குவார்கள். சரியாக ஏற்றி முடித்தபிறகு ஒருவன் தொப்பியைத் தட்டித் துடைத்துக் கொண்டுபோய் அவருடைய மேசையில் வைப்பான்.

முதல் இரண்டு வருடங்கள் என் லொறிகளிலும் அந்தத் தொப்பி இருந்திருக்கிறது. பிறகு அவர் என் பக்கமே வருவதில்லை. மற்றவர்கள் ஏற்றும் லொறிகளைச் சுற்றி நடப்பார், கயிற்றைச் சுண்டுவார், நின்று கதைப்பார். என் லொறிக்குத் தூரத்திலிருந்தே "அனுப்புங்க மிஸ்" என்று கையைக் காட்டுவார். எனக்கு அது உறைத்தது. மனிசன் என்னை மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

அந்தக் காலத்தில் மாதத்துக்கு ஒரு புது ஆளாவது வரும். கொழும்பு லொறியிலிருந்து எங்கள் லொறிக்கு மாற்ற ஓட்டமாவடியில் நாட்டாமிகள் வேண்டும். தடைமுகாமில் கம்பியால் குத்திப் பார்த்த மாச்சாக்குகளைத் தைக்க நாலு பெண்கள் வந்தார்கள். படங்கு கட்ட ஒருவர், இரவுக் காவலுக்கு இருவர், இத்தனை பேருக்கும் சமைக்க ஆரையம்பதியிலிருந்து ஒரு அம்மா. யுத்தத்தால் வயலும் கடலும் பறிபோன ஆட்களுக்கு எங்கள் கேற்றுக்குள் சோறு இருந்தது. அது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் அதற்குமுன் அந்தக் கட்டடத்தில் நான் ஒருத்திதான் பெண். அந்த நாலு பெண்களும் ஊசியும் கையுமாக இருந்து சிரிப்பதைக் கேட்டாலே எனக்குத் தலை இடிக்கும். ஒஸ்வால்ட் ஐயா அவர்களோடு இரண்டு வார்த்தை பேசினால் அந்த இரண்டு வார்த்தையும் எனக்கு வரவேண்டியது போலிருக்கும்.

ஒரே ஆறுதல் என் சந்துதான். தடைமுகாம்களில் முழு லொறியையும் இறக்கிக் காட்டச் சொல்வார்கள். வெயிலோ மழையோ தெருவில் சாமான் கிடக்கும். நாலு மூட்டை கிழியும், அரை நாள் போகும். அதனால் நான் நடுவில் ஓர் ஆள் நுழையக்கூடிய சந்து விட்டு இரண்டு பக்கமும் அடுக்கினேன். சோதிக்கிறவர் உள்ளே ஏறி நடந்துபோய் எந்த மூட்டையையும் தொட்டுப் பார்க்கலாம், ஒன்றையும் இறக்கத் தேவையில்லை. சொல்லச் சுகம். லொறி குழியில் விழுந்து எழும்பும்போது இரண்டு பக்கமும் நடுவுக்குச் சரியும். செங்கல் கட்டுவது போல ஒன்றின் இடுப்பில் ஒன்று பிடிக்க அடுக்கி, இடையில் பலகை கொடுத்து, பல தடவை சரிந்து விழுந்த பிறகுதான் கைக்கு வந்தது. மூட்டைக் கணக்கில் கொஞ்சம் குறையும். ஆனால் என் லொறிகள் மற்றவற்றுக்கு முன்னே போய்ச் சேர்ந்தன.

அப்படி இருக்கும்போதுதான் யசோதா வந்தாள்.

படுவான்கரை என்று நாங்கள் சொல்லும் வாவியின் மேற்குப் பக்கத்தில் பழுகாமம் அவளுடைய ஊர். தகப்பன் பொலன்னறுவையில் தபால் கந்தோரில் வேலை பார்த்ததால் சிங்களம் தண்ணீர் மாதிரி ஓடும். படுவான்கரை அப்போது இயக்கத்தின் கையில், நகரம் ஆமியின் கையில். இரண்டு பக்கத் தடையிலும் நின்று கதைக்கக்கூடியவள். என்னைவிட நாலைந்து வயது குறைவு. வந்த அன்றே என்னை "அக்கா" என்றாள். ஒஸ்வால்ட் ஐயா அவளை "புள்ள" என்று கூப்பிட்டார். ஆறு வருடம் வேலை செய்த நான் அவருக்கு "மிஸ்".

அவள் வந்த கொஞ்ச நாளில் படுவான்கரைக்குப் போகும் பாலத்தைப் பூட்டிவிட்டார்கள். பழுகாமத்துக் கடைகளுக்கான சாமான் எங்கள் களஞ்சியத்தில் மலைபோல் கிடந்தது. எல்லாரும் பாலம் எப்போது திறக்கும் என்று பார்த்திருந்தோம். யசோதா களஞ்சிய யன்னலால் வெளியே பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"ஐயா, அந்தத் தோணியெல்லாம் ஏன் கரையில கிடக்கு?"

"மீன்பிடிக்கத் தடை புள்ள. இரவுல வாவிக்குள்ள இறங்க ஏலா."

"பகல்ல சாமான் கொண்டுபோகத் தடை இல்லத்தானே? நான் போய்க் கதைச்சுப் பாக்கட்டா?"

கதைத்தாள். இரண்டு பக்கமும் சம்மதம் வாங்கினாள். ஒரு கிழமைக்குள் வாவியில் எங்கள் சாமானோடு தோணிகள் வரிசையாகப் போயின. வலையை மடித்து வைத்துவிட்டு வீட்டில் இருந்த மீனவர்களுக்குக் கூலி கிடைத்தது. சனம் அவளைத் தெருவில் மறித்துக் கதைத்தது. நானோ அந்த யன்னலுக்குப் பக்கத்தில் ஆறு வருடம் நின்றவள். அந்தத் தோணிகளைத் தினமும் பார்த்தவள். அவள் கேட்ட கேள்வி ஏன் என் வாயில் வரவில்லை என்று இன்றைக்கும் நினைப்பேன், இன்றைக்கும் எரியும்.

பிறகு ஒரு நிவாரண அமைப்பு தன் சாமான் முழுவதையும் ஏற்றியிறக்கும் வேலையை எங்களிடம் தந்தது. அதற்காக ஒரு புது உத்தியோகம் உண்டானது. எந்த லொறி எப்போது எந்தப் பாதையால் போகும், யாரிடம் அனுமதி எடுப்பது, இதெல்லாம் பார்க்கிற பயணப் பொறுப்பாளர். தனி மேசை, தொலைபேசி. எனக்குத்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் ஒரு புதுச் சேலை எடுத்து வைத்திருந்தேன்.

ஒஸ்வால்ட் ஐயா என்னைக் கூப்பிட்டு, "மிஸ், அத யசோதாவுக்குக் குடுக்கிறன்" என்றார்.

"ஏன் ஐயா?"

"அந்தப் புள்ள கதைக்கும். உங்கள அங்க இருத்தினா களஞ்சியத்துக்கு ஆள் இல்ல."

நான் கதைக்கமாட்டேன் என்றுதான் அதை எடுத்துக்கொண்டேன். அந்தச் சேலையை நான் பிறகு உடுத்ததேயில்லை.

இனி மாங்கேணியில் நடந்ததைச் சொல்கிறேன்.

மாங்கேணிக்கு அப்பால் வடக்கே இயக்கப் பகுதி. அங்கே இடம்பெயர்ந்த சனம் பெருந்தொகையாக மரங்களுக்குக் கீழே இருந்தது. மாரி காலம். குழந்தைகளுக்கு வயிற்றோட்டம் என்று தகவல் வந்தது. நாலு லொறிக்கு அனுமதி எடுத்தோம். மூன்றில் மாவும் பருப்பும். நாலாவதில் பால்மாவும் மருந்தும் சேலைன் பெட்டிகளும். அமைப்பின் ஆட்களுக்கு உள்ளே போக அன்றைக்கு அனுமதி இல்லாததால் சாமானைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் எங்கள் வேலை. யசோதாவும் நானும் லொறிகளோடு மாங்கேணிவரை போனோம்.

ஓட்டமாவடி தாண்டியதும் நாலாவது லொறியின் வில்லுத்தகடு முறிந்தது. அதை ஓட்டியவர் ஓட்டமாவடி ஹனீபா காக்கா. அவருடைய தம்பி முதலாவது லொறியில் போய்க்கொண்டிருந்தார். ஹனீபா காக்கா ஊருக்குள் ஓடிப்போய் வேறொரு லொறியைக் கொண்டுவந்து பெட்டிகளை அதற்கு மாற்றினார். மாங்கேணித் தடையில் வந்து நின்றபோது அனுமதியில் இருந்த இலக்கமும் லொறியின் இலக்கமும் வேறு.

யசோதா இறங்கிப்போய் அதிகாரியோடு கதைத்தாள். நான் தூரத்தில் நின்று பார்த்தேன். கையை ஆட்டிக் கதைத்தாள், சிரித்துக் கதைத்தாள், கெஞ்சிக் கதைத்தாள். அதிகாரி தலையை ஆட்டவேயில்லை. திரும்பி வந்தபோது மழையில் நனைந்து, முகம் செத்துப்போயிருந்தது. கதைத்துத் தோற்று வந்த யசோதாவை அன்றைக்குத்தான் முதலில் கண்டேன். உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி ஓடியதை மறைக்கத் தேவையில்லை.

"மூண்டுதான் போகலாமாம் அக்கா. பால்மா போகாது."

"லொறிதானே போகாது. பால்மா ஏன் போகாது?" என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை.

"அனுமதியில எந்தெந்த லொறியில என்ன சாமான் எண்டு இரிக்கா? இல்லாட்டி மொத்தமா இரிக்கா?"

"மொத்தமாத்தான்."

"அப்ப மூண்டு லொறியிலயும் மாவை இறக்கிப்போட்டு மருந்தையும் பால்மாவையும் ஏத்துவம். மாவு இஞ்ச நிக்கட்டும். அவரிட்டக் கேளு, ஒரு மணித்தியாலம் தருவாரா எண்டு."

ஓடிப்போய்க் கேட்டாள். அதிகாரி வந்து பார்த்தார். அந்த மழையில் நாங்கள் அதைச் செய்துமுடிப்போம் என்று அவர் நம்பவில்லை போலிருக்கிறது. சரி என்றார்.

நாலாவதோடு ஒவ்வொரு லொறியாகப் பின்பக்கம் பின்பக்கமாகப் பொருத்தி, நடுவில் படங்கைக் கூரையாக இழுத்துக் கட்டினோம். அதற்குக் கீழேதான் எல்லாம். மாவு நனைந்தால் களி, மருந்து நனைந்தால் குப்பை. முன்னுக்கிருந்த மாவைத் தொடாமல் சந்துக்கு இரண்டு பக்கத்திலும் மேல் வரிசையை மட்டும் எடுக்கச் சொன்னேன். அந்த இடத்தில் பெட்டிகள் போயின. முதலில் தேவைப்படுவது சேலைன் என்றபடியால் அது கடைசியில், கதவோரம். ஹனீபா காக்கா தன் வயதைப் பார்க்காமல் மூட்டை தூக்கினார். "தங்கச்சி, எங்க வைக்க? கெதியாச் சொல்லுங்க, எங்க வைக்க?" என்று அவர் கேட்டுக்கொண்டேயிருந்தது இப்போதும் காதில் இருக்கிறது. யாரும் இரண்டாம் தரம் ஒரு மூட்டையைத் தொடவில்லை. என் வாழ்க்கையில் நான் ஏற்றிய மிகச் சிறந்த லொறிகள் அந்த மூன்றும்தான்.

அதிகாரி சந்துக்குள் ஏறி நடந்து பார்த்துவிட்டு இறங்கினார். கம்பனியிலிருந்து ஒருவர் மட்டும் கூடப் போகலாம் என்றார். சாமானைக் கொடுத்து ஒப்படைப்பது எப்போதும் என் வேலை. நான் முன் ஆசனத்துப் படியில் கால் வைத்துவிட்டேன். அதிகாரி யசோதாவைக் காட்டினார். தடைக்குத் தடை கதைக்கத் தெரிந்த ஆள் வேண்டுமாம். அவள் என்னைப் பார்த்தாள். நான் காலை எடுத்தேன். என் லொறியில், நான் அடுக்கிய சாமானோடு, அவள் போனாள். படங்கின் தண்ணீர் என் மேல் வடிய நான் தெருவில் நின்றேன்.

பின்னேரம் வடக்குப் பக்கம் செல் குண்டுச் சத்தம் கேட்கத் தொடங்கியது. தடையை மூடிவிட்டார்கள். லொறிகள் திரும்பவில்லை. ஹனீபா காக்கா தெருவோரத்தில் குந்தியிருந்து தம்பியின் பெயரைச் சொல்லிச் சொல்லித் துஆ கேட்டார். ஆமி எங்களைத் திரும்பிப் போகச் சொன்னது.

அடுத்த நாள் ஒஸ்வால்ட் ஐயா என்னைக் கூப்பிட்டு யசோதாவின் மேசையைக் காட்டினார்.

"அந்தக் கதிரையில இரிங்க மிஸ். ஆராவது இரிக்க வேணும்."

நான் ஆசைப்பட்ட கதிரை. இருந்தேன். தொலைபேசி அடிக்கும். எடுத்தால், "யசோதா இல்லையா?" என்பார்கள். தோணிக்காரர்கள் வந்து, "அந்தப் புள்ளையிட தகவல் ஏதும் வந்த?" என்பார்கள். கச்சேரி எனும் அரச செயலகத்தில், அமைப்பின் கந்தோரில், எங்கே போனாலும் அவள் பெயர்தான். அவள் இருந்தபோது இவ்வளவு பேர் அவளைக் கேட்டதை நான் கண்டதில்லை. உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாத ஒருத்தி மேல் பொறாமைப்பட முடியுமா என்று கேட்டால், முடியும். பயமும் அதுவும் ஒரே வயிற்றில்தான் கிடந்தன. அவளுக்காகக் கோயிலில் நேர்த்தி வைத்துவிட்டு வரும் வழியிலேயே, நான் அங்கே அகப்பட்டிருந்தால் இத்தனை பேர் கேட்டிருப்பார்களா என்று யோசித்தேன்.

மூன்றாம் கிழமை தகவல் வந்தது. ஆள் இருக்கிறாள், கையில் காயம். ஹனீபா காக்காவின் தம்பிக்கும் மற்ற இரண்டு ஓட்டுநர்களுக்கும் ஒன்றுமில்லை. ஆனால் லொறிகள் செல்லில் சேதம், பாதையும் பூட்டு. நிவாரண லொறி போனால்தான் அவர்கள் அதில் வர முடியும். அனுமதி எடுக்கிற கதிரையில் இருந்தவள் நான். எனக்குச் சிங்களம் தெரியாது.

"ஆராவது கதைக்கிற ஆள அனுப்புவமா?" என்றார் ஒஸ்வால்ட் ஐயா.

"நான் போறன்" என்றேன்.

ஹனீபா காக்காவை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு மாங்கேணிக்குப் போனேன். அதே அதிகாரி. நான் படித்து வைத்திருந்ததையெல்லாம் சொல்லத் தொடங்குமுன்னே அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, தெரிந்த தமிழில் கேட்டார்:

"நீங்கதானே மழைல சாமான் மாத்தின நோனா?"

சிங்களத்தில் நோனா என்றால் அம்மணி. ஓம் என்றேன்.

"இந்த முறையும் நீங்க ஏத்துறதா?"

"நான்தான்."

"அப்ப செக் பண்ண லேசு" என்று சொல்லி, மேலிடத்தில் கேட்டு, நாலாம் நாள் இரண்டு லொறிக்கு அனுமதி தந்தார். ஹனீபா காக்கா திரும்பி வரும்போது வழியெல்லாம், "எனக்கு ஒரு வேலையும் இல்லாமப் போச்சே தங்கச்சி" என்று சிரித்தார். அன்றைக்கு அவரோடு நானும் சிரித்தேன்.

நான் ஏற்றினேன், நானே போனேன். மாங்கேணிக்கு அப்பால் அதுதான் என் முதல் பயணம். தெருவில் மரங்கள் முறிந்து கிடந்தன, கூரை இல்லாத வீடுகள். ஒரு பள்ளிக்கூடத்தில் யசோதா இருந்தாள். இடது கையில் கட்டு. இரண்டு விரல்கள் இல்லை. மெலிந்துபோயிருந்தாள். அந்தக் கையோடு நின்று என்ன செய்துகொண்டிருந்தாள் என்று நினைக்கிறீர்கள்? இடம்பெயர்ந்து வந்த ஆட்களில் பலமானவர்களை ஏற்றியிறக்க ஒரு குழுவாகவும், பெண்களைப் பங்கிட ஒரு குழுவாகவும் பிரித்து, அமைப்போடு கதைத்து அவர்களுக்குத் தினக்கூலி வாங்கிக் கொடுத்திருந்தாள். ஒன்றுமேயில்லாத அந்த இடத்திலும் வேலை உண்டாக்கி வைத்திருந்தாள். அவளைக் கண்டவுடன் எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அந்த ஆட்களை எண்ணினேன்.

திரும்பி வரும்போது முன் ஆசனத்தில் நாங்கள் இருவர். ஹனீபா காக்காவின் தம்பிதான் ஓட்டினார். பாதி வழியில் அவள் சொன்னாள்:

"அக்கா, ஒண்டு சொல்லுவன், கோவிக்கப்படாது."

"சொல்லுகா" என்றேன்.

"உங்களில எனக்குச் சரியான எரிச்சல்."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"அண்டைக்குச் செல் விழக்குள்ள லொறியள உடன இறக்க வேண்டி வந்த. கதவத் திறந்தா சேலைன் முன்னுக்கு நிக்கி. இறக்கின ஆக்களெல்லாம் ஆர் ஏத்தின, ஆர் ஏத்தின எண்டு கேக்கிறாங்க. கையில ரெத்தம் ஓடுது, எனக்கு அந்த நேரத்திலயும் பத்தி எரியுது. நான் இவ்வளவு தூரம் உயிரக் குடுத்து வந்திரிக்கன், இவங்க உங்களயெல்லோ கேக்கிறாங்க."

லொறி ஒரு குழியில் விழுந்து எழும்ப, அவள் கட்டுப் போட்ட கையை மடியில் தாங்கிக்கொண்டாள்.

"நான் வந்த நாளில இருந்து இப்பிடித்தான்" என்றாள். "ஐயா என்னோட கதைச்சுக் கதைச்சு வாறது எதுக்கெண்டு நினைச்சீங்க? நான் செய்யிற ஒண்டொண்டையும் திருப்பித் திருப்பிக் கேப்பார். ஆரோட கதைச்ச, என்ன சொன்ன, இன்னொருக்காப் போய்க் கேட்டுட்டு வா எண்டு. உங்கட லொறிய ஒரு நாள் எண்டாலும் சுத்திப் பாத்திரிக்காரா? கயித்தத் தொட்டிரிக்காரா? தூரத்தில நிண்டு கையக் காட்டுவார். அதப் பாக்கக்குள்ள எனக்கு எப்பிடி இரிக்கும் தெரியுமா?"

இத்தனை வருடம் நான் புறக்கணிப்பு என்று நினைத்திருந்ததைப் பார்த்து அவள் வெந்திருக்கிறாள். எனக்குள் ஏதோ இளகியது. ஆனால் முழுதாக இளகவில்லை. ஒஸ்வால்ட் ஐயா என்னை மதித்ததை எனக்கு முதல் கண்டுபிடித்தவளும் அவள்தானே என்று உடனே தோன்றியது. "நானும் அப்பிடித்தான்கா" என்று மட்டும் சொன்னேன். தோணியைச் சொன்னேன், புதுச் சேலையைச் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்தபோது கை நொந்து "அம்மா" என்றாள்.

அவளுடைய கதிரையை அவளிடமே கொடுத்தேன். ஒஸ்வால்ட் ஐயா அந்த மாதமே ஒரு புது உத்தியோகத்தை உண்டாக்கினார். எல்லாக் களஞ்சியத்துக்கும் எல்லா லொறிக்கும் ஏற்றுப் பொறுப்பாளர், அது நான். "அனுப்புறது ஒரு வேலை, ஏத்துறது ஒரு வேலை. ரெண்டையும் ஒரு ஆள் செய்ய ஏலாதெண்டு மாங்கேணியில விளங்கிற்று" என்றார். யசோதாவின் மேசைக்கு முன்னால் எனக்கும் ஒரு மேசை. அவளுக்கு வந்த தொலைபேசி அழைப்புகளை நான் எண்ணினேன். என்னிடம் வந்து சந்தேகம் கேட்ட நாட்டாமிகளை அவள் எண்ணினாள்.

யுத்தம் முடியுமுன்பே ஒஸ்வால்ட் ஐயா மகளோடு இருக்க அவுஸ்திரேலியா போய்விட்டார். முடிந்தபின் கொழும்பிலிருந்து ஒரு பெரிய சரக்குக் கம்பனி எங்கள் கம்பனியை வாங்கி, யசோதாவைத் தலைநகருக்கு எடுத்தது. கொழும்புக்கு வெளியே இருந்த அந்தக் களஞ்சியம் ஒரு ஊர் அளவு. பல்பொருள் அங்காடிகளின் சாமான், மருந்துக் கம்பனிகளின் சாமான், துணிக் கம்பனிகளின் சாமான் எல்லாம் ஒரே கூரையின் கீழ். பொதி கட்ட, குறி ஒட்ட, இயந்திரத்தால் தூக்க, வீடு வீடாகக் கொண்டுபோகவென்று ஆயிரம் வேலை. மட்டக்களப்பிலிருந்தும் வாழைச்சேனையிலிருந்தும் பெண் பிள்ளைகளைக் கொண்டுவந்து அவள் வேலையில் சேர்த்தாள். விடுதியும் எடுத்துக் கொடுத்தாள். ஊருக்கு வந்தால் தாய்மார் அவள் கையைப் பிடித்து அழுதார்கள். விரல் இல்லாத கையைத்தான் பிடித்தார்கள். அதைப் பார்த்தும் எனக்கு எரிந்தது என்றால் நம்புவீர்களா?

ஒரு நாள் தொலைபேசியில், "வாங்க அக்கா. இஞ்ச இயந்திரம் இரிக்கி, அடுக்கத் தெரிஞ்ச ஆள் இல்ல" என்றாள்.

அவளுக்குக் கீழே வேலை செய்வதா என்று ஒரு மாதம் யோசித்தேன். என் பிரிவுக்கு நானே தலைவி, அவளுக்குக் கீழே இல்லை என்று அவள் வாயால் சொல்லவைத்துவிட்டுத்தான் போனேன். ஓய்வு பெறும்வரை அங்கே இருந்தேன். அவளுடைய பிரிவும் என்னுடையதும் எதிரெதிர்ப் பக்கம். மாத முடிவில் யாருடைய பக்கத்தில் பழுது குறைவு என்று இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் போய்க் கேட்போம். இரண்டு பேருக்கும் சொல்லிக் கொடுத்தது ஒரே எழுதுவினைஞர் என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் ஓய்வு பெற்ற நாளில் கேக் வெட்டினார்கள். என் இடத்துக்கு ஒருவர் போதாது என்று நிர்வாகம் இரண்டு பேரை எடுத்தது. அதைச் சொல்ல வந்தவள் யசோதாதான். வாழ்த்துச் சொல்லி முடிந்ததும் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னாள்:

"நான் போகக்குள்ள மூண்டு பேர எடுக்க வைப்பன், பாருங்க அக்கா."

போன மாதம் அவளும் ஓய்வு பெற்றாள். அன்று மாலையே தொலைபேசி எடுத்தேன். சுகம் கேட்டேன். விழா எப்படி, கேக் எப்படி என்று கேட்டேன். கேட்க வந்ததைக் கடைசியில் கேட்டேன்.

"நாலு பேர் அக்கா" என்றாள்.

நல்லது, சந்தோசம் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். பிறகு சோறு போட்டு இருந்தேன், இறங்கவில்லை. ஆனால் அந்த நாலு பேரில் இருவர் எங்கள் ஊர்ப் பிள்ளைகளாம்.